பயில்வானுக்கு ஒரு பயிற்சிக்கூடம்

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். மெஷின்காரர் என்றால்தான் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது. வாய் ஓயாது என்பதால் வாயாடி என்ற பேர் நிலைத்துவிட்டது. இளையவனுக்கு ஆறு முடிந்திருந்தது. உடம்பு ஒல்லி, கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டிருக்கும். குளிப்பாட்டித் துவட்டும்போதெல்லாம் அப்பா அதைத் தட்டிப் பார்த்து, "பயில்வான் காலுடா இது" என்பார். அப்படியே அவன் பயில்வான் ஆகிவிட்டான்.

ஆனால் பயில்வான் விழுந்துகொண்டே இருந்தான். பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் படியேறும்போது கடைசி ஆள் அவன்தான். பின்னால் வருகிற பையன்கள் பொறுமையில்லாமல் தள்ளுவார்கள், ஆமை என்று கூப்பிடுவார்கள். முட்டியில் ஒரு காயம் காய்வதற்குள் அதன் மேலேயே இன்னொன்று. ஒருநாள் உதடு கிழிந்து வந்தான். அன்றைக்குத்தான் மெஷின்காரர் முடிவெடுத்தார். பையனை எங்கேயாவது தற்காப்புக் கலையில் சேர்த்துவிட வேண்டும். கூடவே வாயாடியும் கற்றுக்கொள்ளட்டும். நாலு உதை உதைக்கத் தெரிந்துவிட்டால் எவன் தள்ளுவான்?

வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம் விசாரித்தார். முதலில் போனது வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் இருந்த கூடம். சுற்றிலும் கண்ணாடி, உள்ளே குளிர்பதனம். வரவேற்பில் இருந்த பெண் சீருடை, பெல்ட், தேர்வு, வருடச் சந்தா என்று சிரித்த முகம் மாறாமல் சொல்லிக்கொண்டே போனாள். யானை விலை குதிரை விலை. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாவது, ஒரு திறந்தவெளி மைதானம். கட்டணம் கையைக் கடிக்காது. மாஸ்டர் கழுத்தில் விசில், கையில் பிரம்பு. வந்தவுடன் பிள்ளைகளை ஓடச் சொன்னார். பயில்வான் பாதிச் சுற்றில் குப்புற விழுந்தான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், மாஸ்டரும் சிரித்தார். பையனைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகும்படியும், இரண்டே மாதத்தில் முறுக்கேற்றித் தருவதாகவும் சொன்னார். மெஷின்காரருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பணத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டபோது வாயாடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆள் வேண்டாம் என்று அவர் காதருகே சொன்னாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை.

மூன்றாவது கூடம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் வாசம் படியெல்லாம் அடித்தது. பயில்வான் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினான். ஜூடோ சொல்லிக்கொடுத்தது ஒரு நடுத்தர வயதுப் பெண். பழைய மெத்தைகள், ஆனால் சுத்தமானவை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் இரண்டாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். மெஷின்காரர் மனசுக்குள் அப்போதே சேர்த்துவிட்டார்.

டீச்சர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கை தட்டியதும் எழுந்து நிற்கச் சொன்னாள். தட்டினாள். எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். பயில்வான் மட்டும் முதலில் குப்புறத் திரும்பினான். கையைத் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்கினான். பிறகு கையை முட்டியில் வைத்தான், தொடையில் வைத்தான். தன் காலைத் தானே பிடித்து மரமேறுகிற மாதிரி ஏறி, நிமிர்ந்து நின்று சிரித்தான்.

அவள் இன்னொரு தடவை தட்டினாள். அவன் மறுபடியும் அப்படித்தான் எழுந்தான். பிள்ளைகளை விளையாடச் சொல்லிவிட்டு அவள் மெஷின்காரரை மாடிப்படிக்கு அழைத்துப் போனாள்.

"வீட்லயும் இப்படித்தான் எழுந்திருப்பானா?"

"ஆமா. சுத்த சோம்பேறி. அதுக்குத்தானே இங்க கூட்டிட்டு வந்தேன்."

"சோம்பேறித்தனம் மாதிரி தெரியலைங்க. எங்க அண்ணன் பையன் சின்னதுல இப்படித்தான் எழுந்திருப்பான். அதுதான் இதுவும்னு நான் சொல்லல. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அப்புறமா வந்து சேத்துக்கலாம்."

மெஷின்காரருக்குச் சுருக்கென்றது. பாடம் சொல்லிக்கொடுக்கக் கேட்டால் வைத்தியம் பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மைதானத்து மாஸ்டரே மேல் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

வீட்டில் அதைப் புகாராகத்தான் சொன்னார். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி காலை எடுத்துவிட்டாள்.

"எனக்கும் மனசுல உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. நீங்க பயில்வான் பயில்வான்னு தட்டித் தட்டிச் சொல்லும்போது நான் எதைச் சொல்றது?"

அடுத்த நாளே பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனார்கள். அந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இன்னும் சில சோதனைகள். கடைசியில் ஒரு இளம் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற வியாதி என்றார் டாக்டர். கெண்டைக்கால் பெருத்திருப்பது பலத்தினால் அல்ல, தசை அழிந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. மருந்தால் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. இன்னும் சில வருஷம் நடப்பான், பிறகு சக்கர நாற்காலி. பெரும்பாலும் இது தாய் வழியாக வருவது, அதில் யாருடைய தப்பும் இல்லை என்றும் சொன்னார். மனைவியின் காதில் விழுந்தது முன்பாதி மட்டும்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளைப் பஸ்ஸுக்கு நிற்கவைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி மெஷின்காரர் சுவர் மறைவுக்குப் போனார். எழுந்திருடா, நடிக்காதே என்று எத்தனை தடவை அதட்டியிருப்பார்! ஒருநாள் படியில் உட்கார்ந்துவிட்டவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு துவட்டும்போது அவர் கை கெண்டைக்கால் பக்கம் போகவில்லை. சில நாள் கழித்துப் பையனே கேட்டான்.

"ஏம்ப்பா இப்பல்லாம் பயில்வான்னு கூப்பிட மாட்டேங்கற?"

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். பக்கத்தில் தலை பின்னிக்கொண்டிருந்த வாயாடி, "அப்பாவுக்கு மறதிடா. நீ பயில்வான்தான், போய்ச் சட்டையப் போடு" என்று முடித்துவைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை.

ஜூடோ பேச்சை அவர் விட்டுவிட்டார். பையன் விடவில்லை. எப்போது சேர்ப்பாய் என்று தினமும் கேட்டான். அங்கே இடம் இல்லையாம் என்று பொய் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் தானே வந்து டீச்சரிடம் கேட்பதாகச் சொன்னான். கடைசியில் ஒரு மத்தியானம், இரண்டு வேலைகளுக்கு நடுவில், கருவிப்பையோடு அவரே டயர் கடை மாடிக்குப் போனார்.

டீச்சர் மெத்தைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஆரம்பித்தவரை அவள் முடிக்க விடவில்லை. டாக்டர் எதைச் செய்யலாம் என்றார், எதைக் கூடாது என்றார் என்று மட்டும் கேட்டாள். தூக்கிப் போடுவது, ஓடுவது, குதிப்பது கூடாது. கை கால் நீட்டி மடக்கலாம் என்றார் அவர். அது போதும் என்றாள். வகுப்பு ஆரம்பிக்கும்போது எல்லோரோடும் வணக்கம் வைத்து, நீட்டி மடக்கிவிட்டு, பிறகு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

போகும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க அண்ணன் பையன் இப்போ...?"

"பதினேழு வயசு ஆச்சு. நாற்காலிலதான் இருக்கான். செஸ் ஆடுவான். தோத்துட்டா வாயில வர்றதெல்லாம் கெட்ட வார்த்தை." சிரித்தாள். பிறகு, "பாப்பாவுக்கு மட்டும் ஃபீஸ் குடுங்க, தம்பிக்கு வேண்டாம்" என்றாள்.

"இல்லீங்க, அவனுக்கும் வாங்கிக்கோங்க. இல்லேன்னா அவன் சும்மா வந்து உக்காந்துட்டுப் போறவன் ஆயிடுவான்."

அவள் ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். பாதிக் கட்டணத்தை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளைச் சீருடையை அம்மாவே தைத்தாள். பையனுடைய கால்சட்டையை அவள் கொஞ்சம் தொளதொளவென்று விட்டிருந்தாள். மாதங்கள் போயின. வாயாடி தன்னைவிடப் பெரிய பையன்களைப் புரட்டிப் போட ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்ததும் எங்கே சறுக்கினாள், எங்கே பிடி தளர்ந்தது என்று தம்பி அவளுக்கு எடுத்துச் சொல்வான். அவளும் வாயை மூடிக்கொண்டு கேட்பாள்.

மழைக்காலத்தில் அவனால் அந்தப் படிகளை ஏற முடியாமல் போயிற்று. மெஷின்காரர் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினார். முதல் நாள் கதவுக்குக் கொஞ்சம் முன்னால் பையன் அவர் தோளைத் தட்டினான்.

"இங்கயே எறக்கி விடுப்பா. உள்ள நானே போறேன்."

குனிந்து இறக்கிவிட்டார். அவன் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டான், மறு கையால் சட்டையை இழுத்துச் சரிசெய்தான். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலால் நடந்து உள்ளே போனான். உள்ளேயிருந்து பிள்ளைகள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. மெஷின்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே யாரோ டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தாமதமாக வந்த ஒரு தாயும் பிள்ளையும் மேலே ஏறி வந்தபோது, முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார்.