பி ஷிப்ட் ட்ரம்மர்

சுபாஷுக்கு இது நான்காவது பேண்டு. முதலாவது கல்யாணக் கச்சேரிகளோடு கரைந்தது. இரண்டாவதின் பாடகன் துபாய்க்குப் போய்விட்டான். மூன்றாவது, பெயர் வைப்பதில் சண்டை போட்டே செத்தது. இதுதான் உருப்படும் போலிருந்தது. சொந்தப் பாட்டு, கரகரவென்று கோபமான கிட்டார், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு பெங்களூரில் முதல் மேடை. முப்பத்தொரு வயதில் இதையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் ப்ரெஸ் மெஷின் சத்தம்தான் என்று அவனுக்குத் தெரியும்.

ஓசூர் சிப்காட்டில் வேலை. ஒரு வாரம் காலை ஏ ஷிப்ட், மறுவாரம் மதியம் தொடங்கும் பி ஷிப்ட். பி ஷிப்ட் வந்தால் சாயங்கால ஒத்திகை அம்போ. மற்றவர்கள் சும்மா உட்கார வேண்டாமே என்று எல்லாப் பாட்டுக்கும் அவனே ட்ரம்ஸ் வாசித்து, பேண்டில் கிட்டார் வாசிக்கும் ஹரீஷ்குமாரின் லேப்டாப்பில் பதிந்து கொடுத்திருந்தான். அவ்வளவு நல்ல மனசு!

கச்சேரி வாரமும் பி ஷிப்டாகவே வந்து தொலைந்தது. சூப்பர்வைசர் நாராயணப்பனிடம் மூன்று நாள் கெஞ்சினான்.

"தினேஷ்குமாரு மாத்திக்கறேன்னா போய்க்க. எங்கிட்ட வந்து ஏன் நிக்கற?"

அந்த வாரம் ஏ ஷிப்டில் இருந்த தினேஷ்குமார், சனிக்கிழமை மாற்றிக்கொள்வதற்குப் பதிலாக தீபாவளிக்கு மறுநாள் தன் ஷிப்டைப் பார்த்துக்கொடுக்கச் சொன்னான். சுபாஷ் தலையாட்டினான்.

சனிக்கிழமை ஏ ஷிப்ட் முடித்து, குளிக்காமல்கூட, ஸ்னேர் என்கிற சின்ன ட்ரம்மை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான். அத்திப்பள்ளியில் வண்டிகள் நகரவே இல்லை. ஊரில் உள்ள லாரியை எல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தால், மேடையில் ட்ரம் செட்டே இல்லை.

"செட்டுக்கு மைக் வைக்க டைம் ஆகும்னாங்க மச்சி," என்றான் ஹரீஷ்குமார். "நீ வருவியோ மாட்டியோன்னு வேற. நீ பதிஞ்சு குடுத்த ட்ராக்கையே போட்டுக்கறோம்."

"அதான் வந்துட்டேன்ல?"

பேஸ் கிட்டார் வாசிக்கும் லாவண்யா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா நெனைக்காத சுபாஷ். அந்த ட்ராக்கோடயே பழகிட்டோம். நேர்ல நீ வேகம் எடுத்துடற."

அவனைவிட அவன் வாசித்து வைத்தது ஒழுங்காம்! கூட்டத்தோடு கூட்டமாக நின்று, கையில் ட்ரம்மோடு, தன் வாசிப்பைத் தானே கேட்டான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

முடிந்ததும் ஹரீஷ்குமார் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அடுத்த மாசமும் கூப்ட்டிருக்காங்க மச்சி! புதுப் பாட்டு ரெண்டு இருக்கு. நாளைக்கு வந்து அதுக்கும் ட்ராக் அடிச்சுக் குடுத்துடு."

கெட்ட வார்த்தை ஒன்று சுபாஷின் தொண்டை வரைக்கும் வந்தது.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.