வெறும் கட்டம்

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அந்த ஃபார்முலாவை எழுதினது நான்தான், வேற எவளும் இல்ல.

டயாலிசிஸ் பிரிவுல எனக்கு ஆபீஸ் வேலை. மெஷின் எட்டு, ஆளு முப்பது. அதனால லேப்ல இருந்து வர்ற பொட்டாசியம் அளவை தினமும் எக்ஸெல்ல போட்டு, யாருக்கு அவசரம்னு பார்ப்போம். ஆறுக்கு மேல போனா பக்கத்துக் கட்டத்துல 'இன்னைக்கே'ன்னு விழும். இல்லேன்னா 'நாளைக்கு'. எவ்வளவு சுலபமாக்கிட்டோம்னு எனக்கு அப்படி ஒரு பெருமை! லேப் முடிவே வராத வெறும் கட்டத்தை அது பூஜ்யம்னு எடுத்துக்கும்னு யோசிக்கவே இல்ல.

நேத்து, இங்கேயே டயாலிசிஸ் பண்ணிக்கிற என் சித்தியோட ரத்தம் லேப்ல கெட்டுப்போச்சு. திரும்ப எடுக்கணும்னு வந்த சீட்டு ஏதோ ஃபைலுக்குள்ள மாட்டிக்கிச்சு. அளவுக் கட்டம் வெறுமனே கிடந்துச்சு, பக்கத்துல 'நாளைக்கு'. நான் பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்த்துட்டு போன் போட்டேன்.

"காலெல்லாம் கனக்குதுடி, எழுந்திருக்கவே முடியல"ன்னாங்க.

"லிஸ்ட்டுல உங்களுக்கு அவசரம்னு இல்ல சித்தி. பயப்படாதீங்க."

"சரிடி. உனக்குத் தெரியாததா?"

இன்னைக்குக் காலையில சித்தியை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. இதயத் துடிப்பு தாறுமாறு. டாக்டர் ஷீட்டை வாங்கிப் பார்த்தார்.

"வெறும் கட்டத்தைப் பூஜ்யம்னு எடுத்திருக்கு! பொட்டாசியம் பூஜ்யம்னா மனுஷன் உயிரோடவே இருக்க முடியாதும்மா! கம்ப்யூட்டருக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது?"

அவர் உள்ளே போனார், ஐசியூ கதவு மூடிக்கிச்சு.

வேற என்ன பண்ணத் தெரியும் எனக்கு? என் மேஜைக்குப் போய் ஃபார்முலாவைத் திருத்தினேன். கட்டம் வெறுமையா இருந்தா முதல்ல 'முடிவு வரல, லேப்ல கேள்'. அப்புறம்தான் ஆறு கணக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகல. பாழாப்போன ஒரு நிமிஷம்!

திரும்பி வந்தப்போ சித்தப்பா போனை நீட்டினார். வெளியூர்ல இருக்கிற சித்தி பொண்ணு.

"அழுதுக்கிட்டே இருக்கா. நீயே பேசும்மா, இங்கேயே வேலை பார்க்கிறவ சொன்னா நம்புவா."

"அக்கா, அம்மா எப்படிக்கா இருக்காங்க? இப்பவே பஸ் ஏறட்டுமா?"

உள்ளே இருந்து இன்னும் யாரும் ஒரு வார்த்தை சொல்லல. தெரியலடின்னு சொல்லியிருக்கணும். சித்தப்பா என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"பரவாயில்லடி"ன்னேன். "நிதானமா வா."