எந்த அமாவாசைக்கு மறுநாள்?

1

இந்தக் கதை வந்த வழியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிதம்பரத்தில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த என் மாமா கனகசபேசன், 1966இல் தன்னால் போட முடியாத ஒரு கணக்கைப் பற்றிச் சொன்னார். முடிவைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. கதையை என் தலையில் கட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

முதல் தொடக்கம்: 'முதுநகரின் அலைகள் அன்று ஏனோ...' வேண்டாம். அலைக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

நேராகவே சொல்கிறேன். முதுநகர் மீனவன் சின்னதம்பியின் அக்கா பூவம்மாள், இந்தோனேசியாவில் மேடான் ஊரில் புருஷனை இழந்து தனியாகக் கிடக்கிறாள். அவளை அழைத்துவர அவன் போக வேண்டும். எவ்வளவு பணம் கொண்டுபோவது?

2

அங்கே பணம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஆயிரம் பழைய ரூபியாவை அந்த ஊர் அரசாங்கம் ஒரு புது ரூபியா ஆக்கியிருந்தது. (அந்த ஜூனில் நம் ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள். அதையும் சேர்த்தால் எனக்கே தலை சுற்றும், விட்டுவிடுகிறேன்.)

பூவம்மாளின் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்றில், ஊர் திரும்பும் டிக்கெட் இரண்டு லட்சம். மற்றதில் இருநூறு. இரண்டின் தலைப்பிலும் 'அமாவாசைக்கு மறுநாள்'. தேதி கிடையாது. (தபால் முத்திரை இருக்குமே என்பீர்கள். மை கலங்கியிருந்தது.)

சின்னதம்பி இரண்டையும் எடுத்துக்கொண்டு, மாமாவைப் பார்க்கச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான்.

"எந்த அமாவாசைப்பா?"

"அது என்னங்கய்யா கேள்வி? கடலுக்குப் போறவங்களுக்கு அமாவாசைன்னா வந்துபோன அமாவாசைதான்."

"லட்சம் முந்தின கடுதாசின்னா மூணு பூஜ்யம் போயிருக்கு, அவ்வளவுதான். வலைய அடகு வச்சாப் போதும். பிந்தினதுன்னா விலை எகிறியிருக்கு. படகையே விக்கணும்."

"ஆயிரம் மடங்கா ஏறும்?"

"அந்த ஊர்ல ஏறாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

மாமா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதிலிருந்து சின்னதம்பிக்குத் தூக்கம் போயிற்று.

3

அவன் மனைவி மாரியம்மாளை, நாத்தனாரைக் கண்டால் ஆகாதவளாகத்தான் முதலில் எழுதினேன். எழுத எழுதப் பொய்யாகவே பட்டது. அடித்துவிட்டேன்.

"அண்ணி வரட்டும்யா," என்றாள். "படக வித்துட்டா மூணு பேரும் எதுல பொழைக்கிறது?"

"விக்காம போயி காசு பத்தலன்னா? அக்கா மூஞ்சப் பாத்துட்டு நான் மட்டும் திரும்பி வரவா?"

 

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

படகை விற்றான். டிக்கெட் இருநூறுதான். அக்காவோடு திரும்பினான், அதன்பிறகு அடுத்தவன் படகில் கூலிக்குப் போனான்.

விற்கவில்லை. காசு ஒரு டிக்கெட்டுக்குத்தான் தேறியது. அக்காவைக் கப்பலேற்றிவிட்டு அவன் கரையில்...

அடுத்த கடிதம் வரட்டும் என்று காத்திருந்தான். இதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

5

படகு வாங்க வந்த கோவிந்தசாமி பணத்தோடு வாசலில் நிற்கிறார். சின்னதம்பி என்னைப் பார்க்கிறான். என்னால் முடியாது. நீங்கள் சொல்லுங்கள்.

ஆனால் என்னைப் போல ஆற அமர யோசிக்காதீர்கள். நான் இதை நான்கு முறை திருத்தி எழுதினேன். முதல் பிரதியில் பூவம்மாள் கையிலிருந்த காசுக்கு ஒரு மாதத்து அரிசி கிடைத்தது. இப்போது அதே காசுக்கு நாலு நாள் அரிசிதான் தருகிறார்கள்.