காலைக் கச்சேரிக்கு வந்த புகார்கள்

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காலைக் கச்சேரி மாறுகிறது என்று வானொலியில் சொன்னபோது நான் ஒரு பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். முழுநீளப் பாட்டு இனி கிடையாதாம். ஐந்தைந்து நிமிடத் துண்டுகள், நடுநடுவே தொலைபேசி அரட்டை, பாட்டு தொடங்கும் முன்பே ராகத்தின் பெயர். கையிலிருந்த மெழுகு ஆறி இறுகிவிட்டது. கூடத்திலிருந்து விசில் ஒரு முறை கேட்டது. எங்கள் வீட்டில் ஒரு விசில் என்றால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு வா என்று அர்த்தம். இரண்டு என்றால் கிளம்பு.

விசில் என் மனைவியுடையது. இருபத்தாறு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவள். அவள் "உள்ள போங்க" என்று ஒரு சத்தம் போட்டால் படியில் தொங்குகிறவன்கூட ஓட்டுநர் பக்கத்தில் போய் நிற்பான். நான்கு வருடத்துக்கு முன் அவள் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. அதன்பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். எழுதிக் காட்டட்டும் என்று ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். "தண்ணி", "கதவு", "போதும்" என்பதற்கு மேல் அதில் எதுவும் எழுதமாட்டாள்.

அவளைத் திரும்ப எனக்குக் கொடுத்தது காலைக் கச்சேரிதான். அதை நடத்தும் அறிவிப்பாளரை நாங்கள் காலை அக்கா என்போம். அவர் ராகத்தின் பெயரை முதலில் சொல்லவே மாட்டார். பாட்டு முழுதாக முடிந்த பிறகுதான் சொல்வார். அதற்குள் என் மனைவி தன் விடையைச் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பாள். நான் என் விடையை வாயால் சொல்வேன். அக்கா சொன்னதும் அவள் சிலேட்டைத் திருப்புவாள். தோற்றவர் தேநீர் போட வேண்டும். பெரும்பாலும் நான்தான் போடுகிறேன். ஜெயித்த அன்று சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக நான் தெரிந்தே தோற்றதும் உண்டு. அடிக்கடி இல்லை, எனக்கும் மானம் இருக்கிறது.

மாதத்தில் ஒரு நாளாவது, சிரித்து முடித்ததும் சிலேட்டில் எழுதுவாள்: "அக்காவுக்கு நன்றி எழுதிப் போடுங்க." நானும் அஞ்சலட்டையோடு பட்டறைக்குள் போவேன். அவளுக்குக் குரல் இருந்த காலத்திலிருந்தே எழுதுகிறேன், மொத்தம் பதினேழு வருடம். நன்றி எழுதலாம் என்றுதான் உட்காருவேன். ஆனால் அன்று அக்கா யாருடைய பெயரையாவது தவறாகச் சொல்லியிருப்பார். பல்செட் செய்கிறவன் கண்ணுக்கு மயிரிழை பிசகினாலும் உறுத்தும். அதை எழுதி முடிப்பதற்குள் அட்டையில் இடம் தீர்ந்துவிடும். "எழுதிட்டேன்" என்று வந்து சொல்வேன். எழுதினேன் என்பது பொய்யில்லையே.

மாற்றத்தைப் பற்றிப் பேச நிலையத்தில் நேயர் கூட்டம் வைத்தார்கள், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. நான் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பினால், என் மனைவி தலைவாரிச் செருப்பு போட்டு, கழுத்தில் விசிலும் கையில் சிலேட்டுமாக வாசலில் நிற்கிறாள்.

சுவரெல்லாம் துளைபோட்ட அட்டை பதித்த அறை. நாற்பது பேர் இருந்தோம். முதலில் ஒரு தையல்காரம்மா எழுந்தார். "ஒரு முழுப் பாட்டுக்கு ஒரு சட்டை தச்சு முடிப்பேங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு கைகூட முடியாது." அடுத்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "எங்க வீட்டுல மூணு பேரு நாள் பூரா பேசறாங்க. ரேடியோவும் பேசினா நான் எங்க போறது?" எல்லோரும் சிரித்தார்கள். நிலைய மேலாளரும் சிரித்தார். குறை சொல்ல முடியாத பல்வரிசை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

"எனக்கும் முழுப் பாட்டுதாங்க பிடிக்கும்" என்றார் அவர். "ஆனா மேலிடத்துல கேட்டா நான் எதைக் காட்டறது?" ஒரு தடித்த கோப்பைத் திறந்தார். "இந்த நிகழ்ச்சிக்கு இதுவரைக்கும் வந்த கடிதம் இருநூத்திப் பதினொண்ணு. அதுல இருநூத்தி நாலு புகார்."

அவர் ஒன்றை எடுத்துப் படித்தார். "'நேற்று நீங்கள் நாயகி ராகம் என்று சொன்னது தர்பார். இது தெரியாதவருக்கு ஒலிவாங்கி எதற்கு?' இப்படியே போகுது. முக்கால்வாசி ஒரே பச்சை மை. கேக்கறவங்களுக்கே பிடிக்கலைன்னா நான் எதை வச்சு வாதாடறது?"

என் மனைவி மெதுவாகத் திரும்பி என் சட்டைப் பையைப் பார்த்தாள். பச்சைப் பேனா அங்கேதான் இருந்தது. அவள் சிலேட்டை எடுத்துப் பெரிதாக ஒரே வார்த்தை எழுதி என் மடியில் வைத்தாள்: "நன்றி?"

காதெல்லாம் சுட்டது. அவளுடைய ஒரே சந்தோஷத்தை என் கையாலேயே நூற்றைம்பது தரம் குத்தியிருக்கிறேன். பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் என்றால் அங்கே இருந்தவை பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் அசையவில்லை. அவள் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள்.

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்துதான் ஆக வேண்டியிருந்தது.

"பச்சை மை நான்தாங்க" என்றேன். "நான் பல்செட் செய்யறவன். பொருந்திப்போனவங்க யாருமே திரும்பி வந்து நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. கடிக்குதுன்னு சொல்ல மட்டும்தான் வருவாங்க. அதுக்காக எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கேன். இவ்வளவு தெரிஞ்சும் நானே அதைத்தான் பண்ணியிருக்கேன். பதினேழு வருஷம் ஒரு நாள் விடாமக் கேட்டேன், அதனாலதான் தப்பு கண்ணுல பட்டுது. பிடிக்காதவன் ஏங்க தினமும் கேக்கறான்?" சிலேட்டு விளையாட்டைச் சொன்னேன். "இவ என்கிட்ட பேசறதே அப்பதாங்க. அதுக்கு அந்தம்மாவுக்கு நன்றி. அது ஒண்ணைத்தான் நான் எழுதவே இல்ல."

"அது தர்பார்தாங்க. நாயகின்னு சொன்னது என் தப்பு." கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலைத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. நரைத்த தலையோடு ஒல்லியாக ஒரு பெண்மணி எழுந்து வந்தார். "உங்க அட்டையைப் பார்த்துட்டு ரெண்டு ராகத்தையும் ஒரு வாரம் மாத்தி மாத்திக் கேட்டேன்." என்னிடம் நிற்காமல் நேராக என் மனைவியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "சிலேட்டோட ஒருத்தர் காத்திட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா."

என் மனைவி கையை உருவிக்கொண்டு எழுதினாள்: "நான்தான் அதிகம் ஜெயிக்கறது." அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேலாளர் ஒரு கட்டு வெள்ளைத்தாளை மேசையில் வைத்தார். "இதையெல்லாம் எழுதிக் குடுங்க. கையில காகிதம் இருந்தாத்தான் நான் பேச முடியும்." பேனா கொண்டுவந்தவர்கள் குறைவு. என் பச்சைப் பேனா கைமாறிக் கைமாறிப் போனது. "போச்சு, எல்லாம் ஒரே ஆள் எழுதினதுன்னு சொல்லப் போறாங்க" என்று மேலாளர் தலையில் கைவைத்தார்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பின்பாதி அரட்டைக்குப் போனது. முன்பாதி பழையபடி முழுப் பாட்டு, கடைசியில் ராகம்.

முதல் தேதி காலை. பாட்டு முடிந்தது. நான் பைரவி என்றேன். என் மனைவி இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அதற்குள் அக்கா பேசிவிடுவார். அன்று பேச்சே இல்லை. வானொலிப் பெட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, மனதுக்குள் ஒரு புகாரைக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் அந்தக் குரல் வந்தது.

"எழுதியாச்சா? கவுத்து வச்சாச்சா? சரி, இப்ப சொல்றேன். மாஞ்சி."

என் மனைவி சிலேட்டைத் திருப்பினாள். மாஞ்சிதான். தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து நீரும் வழிந்தது. நான் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு அட்டையை எடுத்தேன். மிருதங்கக்காரரின் பெயரை அக்கா அன்றும் தவறாகத்தான் சொன்னார். நான் எழுதியது ஒரே வரி: "எங்களுக்காகக் காத்திருந்ததற்கு நன்றி." மிச்ச இடத்தைக் காலியாக விட்டேன், கை பரபரத்தாலும்.

இந்தமுறை அவள் நம்பவில்லை. அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி இரண்டு தரம் படித்தாள். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வாசலில் போய் நின்று இரண்டு விசில் ஊதினாள்.