கிணற்றில் குதித்தவள்

பேருந்து சேந்தமங்கலத்தை நெருங்கும்போதே அந்த மலையை அடையாளம் கண்டுகொண்டேன். பத்து வயதில், மெட்ராஸில், அடுத்த வீட்டு டி.வி.யில் ஞாயிறுதோறும் பார்த்த மலை. முன்னால் வயல், நடுவில் ஒரு கிணறு. பாவாடை கட்டிய பெண் ஒருத்தி ஓடிவந்து கிணற்று மேட்டிலிருந்து குதிப்பாள். இரண்டு கால்களும் சேர்ந்திருக்கும். வெகுநேரம் காற்றிலேயே இருப்பாள். அவள் தண்ணீரைத் தொடுவதற்குள் தொடரின் பெயர் வந்துவிடும்.

பின்னாளில் கல்லூரியில் இயற்பியல் படித்தபோது, விழும் பொருள் என்றாலே எனக்கு நினைவில் வந்தது அவள்தான். இப்போது எனக்கு இந்த ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலை. முதல் விடுமுறை நாளிலேயே கிணற்றைத் தேடிப் புறப்பட்டேன்.

"படம் புடிச்ச கெணறுங்களா? மருதாசலம் தோட்டம்," என்று வழி சொன்ன டீக்கடைக்காரர், "அதைப் போய் எதுக்குங்க பாக்கறீங்க?" என்றும் கேட்டார்.

தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பெல்லாம் சேறு.

"ஏனுங்க, யாரோ ஆபீசரம்மா வாராங்க," என்றார் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பொன்னாத்தாள்.

அவர் கணவர் மருதாசலம் வாய்க்காலில் இருந்து நிமிர்ந்தார். "செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு எந்த ஆபீசர் வருவாங்க, புள்ளெ? வாங்க அம்மிணி."

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று கிணற்று மேட்டைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை.

"இதுலதானே அந்தப் பொண்ணு குதிப்பா! டி.வி.யில வாராவாரம் ஆரம்பத்துல அதைத்தான் காட்டுவாங்க. நாங்க எல்லாரும் கை தட்டுவோம்."

மருதாசலம் மம்பட்டியைக் கீழே வைத்தார். "காட்டுனாங்களா? அப்ப இந்தப் பக்கம் டி.வி. ஏதுங்க. அந்தப் படம் வந்துச்சான்னே எங்களுக்குத் தெரியாது. அது எம்புள்ளெ. சௌந்திரம்."

"உங்க பொண்ணா! இப்ப எங்க இருக்காங்க?"

"அந்தக் குதியோட போயிட்டா."

எனக்குப் புரியவில்லை. பொன்னாத்தாள் கையில் செடியோடு வேகமாக வந்தார். "கால் வழுக்கிருச்சுங்க அம்மிணி. மேட்டுல பாசி. தலை பாறையில அடிச்சிருச்சு. நான் கூடவே நின்னேன்."

அவள் காற்றில் இருக்கும்போதே நாங்கள் கை தட்டத் தொடங்கிவிடுவோம்.

"இவ அப்படித்தான் சொல்றா," என்றார் மருதாசலம். "படம் புடிக்கறாங்களே, வயல் பச்சைப்பசேல்னு தெரியட்டும்னு முதல் நாள் ராத்திரி பூரா மோட்டாரை ஓட்டுனேன். கெணத்துத் தண்ணி அடிக்குப் போயிருச்சு. அது தெரியாம எப்பவும் போலக் குதிச்சாளா, இல்ல வழுக்கித்தான் உழுந்தாளா? நீங்க பாத்தவங்க. சொல்லுங்க சாமி."

அவர் முதுகுக்குப் பின்னால் பொன்னாத்தாள் தலையை அசைத்தார். வேண்டாம், வேண்டாம் என்று.

சேர்ந்திருந்த அந்த இரண்டு கால்கள் என் கண்முன் நின்றன. அவள் வழுக்கவில்லை. ஏன் அவ்வளவு நேரம் காற்றில் இருந்தாள், தண்ணீர் எவ்வளவு கீழே இருந்திருக்கும் என்பது இவ்வளவு வருடம் கழித்து, அங்கே நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வழுக்கினதுதாங்க," என்றேன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மருதாசலம் கிணற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"வழுக்கி உழுந்ததுக்கா அம்மிணி வாராவாரம் கை தட்டுனீங்க?"

அவர் மோட்டார் கொட்டகைக்கு நடந்தார். மோட்டார் நின்றது.

பொன்னாத்தாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போங்க அம்மிணி," என்றார். "அவரு வெளிய வாரதுக்குள்ள போயிருங்க."