இருபத்துமூன்றாம் இடம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. டான்டினோங் கூடைப்பந்து அரங்கில் என் பக்கத்து இருக்கைக்காரர் கேட்ட கேள்வி. கீழே அவருடைய மகள் ஆடிக்கொண்டிருந்தாள். அதே அணியில் இருக்கும் என் மகள் யாமினி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஆட்டத்தையும் கைபேசியில் இருந்த தரவரிசைப் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த நம்பரைப் பாத்துத்தானே அமெரிக்காக்காரர் பிள்ளையளை எடுக்கினம்?"

"ஆமாங்க, அப்படித்தான் சொல்றாங்க," என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பந்து வளையத்தைத் தொட்டபோது தேவராஜாவின் நெஞ்சு—"

வேண்டாம். விளையாட்டுக் கதைகளில் பந்து எப்போதும் வளையத்தைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

அடுத்தது: "படகில் வந்த குடும்பம் ஒன்று—"

இதுவும் வேண்டாம். படகு என்றதும் நீங்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வீர்கள். படகு வரும், அதற்கான இடத்தில் வரும்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். தேவராஜா மெல்பேர்ன் புறநகரான நோபல் பார்க்கில் இருக்கிறார். கோழி இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். மகள் மிருணாளினிக்குப் பதினேழு வயது. அமெரிக்கக் கல்லூரிகள் கூடைப்பந்து நன்றாக ஆடும் வெளிநாட்டுப் பிள்ளைகளை, படிப்புச் செலவைத் தாங்களே ஏற்று அழைத்துக்கொள்கின்றன. யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல, ஆஸ்திரேலியப் பெண்களை வரிசைப்படுத்தும் இணையதளம் ஒன்று இருக்கிறது. பென்டிகோவில் நடந்த போட்டிக்குப் பிறகு மிருணாளினி அதில் இருபத்துமூன்றாவதாக வந்தாள்.

தேவராஜா அதைத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் காட்டினார். தேநீர் இடைவேளையில் பார்த்தார், பேருந்தில் பார்த்தார், சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டும் பார்த்தார், மகளின் ஆட்டத்துக்கு நடுவிலும் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, உந்த நம்பர் ஏறினா என்ன, இறங்கினா என்ன?" என்று மனைவி நாகபூசணி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். "பிள்ளையின்ர முழங்கால் நோவுக்கு அது எண்ணெய் பூசுமே?"

(இந்த இடத்தில் எனக்கு தேவராஜா மேல் சந்தேகம் வந்தது. மகள் கண்முன்னே ஆடும்போது எண்ணைப் பார்க்கிற மனிதரை யாருக்குப் பிடிக்கும்? அந்தப் பழக்கத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அவருக்கு இதற்குமுன் கிடைத்த எண்களை நினைத்துப் பார்த்தேன். படகு எண், வில்லாவுட் தடுப்பு முகாமில் அறை எண், குடிவரவுக் கோப்பு எண். பெருமையாக இன்னொருவருக்குக் காட்டக்கூடிய எண் அந்தக் குடும்பத்துக்கு இதுதான் முதல் தடவை. விட்டுவிட்டேன். பார்க்கட்டும்.)

3

அமெரிக்காவின் சிறிய ஊர் ஒன்றிலுள்ள கல்லூரியிலிருந்து கரோல் என்ற பயிற்சியாளர் காணொளியில் அழைத்தார். தேவராஜா சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். நாகபூசணி இருந்த நல்ல நாற்காலிகளையெல்லாம் மடிக்கணினிக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"எத்தினையாம் நம்பர் எண்டால் எடுப்பினம் எண்டு கேள் பிள்ளை," என்றார் தேவராஜா.

மிருணாளினி வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள். கரோல் சிரித்தார்.

"அந்த வரிசைதான் உன் பெயரை எனக்குச் சொன்னது. அதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு உன் ஆட்டங்களைப் பார்த்தேன். குறி தவறினால் நீ தலையைத் தொங்கப்போடுவதில்லை. மற்றவர்கள் திரும்புவதற்குள் தடுக்க ஓடிவிடுகிறாய். அதற்கு யாரும் எண் போடுவதில்லை. ஏப்ரலில் வந்து கல்லூரியைப் பார்க்கிறாயா?"

மிருணாளினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

படகுக்கான இடம் இதுதான். மிருணாளினி சிறு குழந்தையாகத் தாயின் மடியில், படகில் கடலைக் கடந்தவள். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, வழக்கு இழுபட்டு, குடும்பம் இன்னும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறது. அந்த விசாவில் இங்கே இருக்கலாம். வெளியே போனால் திரும்ப வரமுடியாது. தேவராஜாவுக்கு இது தெரியாததல்ல. எண் போதிய அளவு மேலே ஏறிவிட்டால் அமெரிக்காக்காரரே ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள் என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையை இந்தச் சபையில் எடுத்துவைக்க அவருக்கு வாய் வரவில்லை.

"ஐ கான்ட், கோச்," என்றாள் மிருணாளினி. ஆஸ்திரேலியாவை விட்டுப் போனால் வீட்டுக்குத் திரும்பமுடியாது என்று நிதானமாக விளக்கினாள்.

தேவராஜா மகளையே பார்த்தார். "உனக்கு உது தெரியுமோ? தெரிஞ்சுகொண்டே இவ்வளவு நாளும் ஓடினனீ?"

"ஐ நோ, அப்பா. எப்பவோ தெரியும். நீங்கள் அந்த நம்பரைப் பாத்துச் சந்தோசப்படேக்க ஏன் குழப்புவான் எண்டு விட்டனான்." பிறகு, "எனக்கு விளையாட விருப்பம். அதான் ஓடினனான்," என்றாள்.

அவர் மகளின் தலையில் கையை வைத்தார். எடுக்க மறந்துபோனார்.

4

இங்கே இரண்டு முடிவுகளை எழுதி அழித்தேன்.

ஒன்றில் கரோல் வருத்தம் தெரிவித்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கிறார். நடக்கக்கூடியதுதான். ஆனால் உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்?

மற்றது இப்படித் தொடங்கியது: "மறுவாரம் குடிவரவுத் துறையிலிருந்து—" அந்த வரியை என்னால் முடிக்க முடியவில்லை. என் கையில் பேனா இருக்கிறது, முத்திரை இல்லை.

ஆகவே மூன்றாவது, கொஞ்சம் சிறியது. கரோல் துண்டிக்கவில்லை. பிரிட்ஜிங் விசா என்றால் என்ன என்று கேட்டார். பதில் முடியும்வரை குறுக்கே பேசவில்லை. "இதில் என்னால் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் என்னோடு ஒரே அணியில் ஆடிய தோழி மெல்பேர்னில் பெண்கள் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவளோடு பேசட்டுமா?" என்றார்.

பேசினார். அந்தத் தோழி மிருணாளினியின் எண்ணைக் கேட்கவே இல்லை. பயிற்சிக்கு வரச் சொன்னார். குளிர்காலம் தொடங்கும்போது அணியில் இடம் கிடைத்தது. அமெரிக்கா போகாதவளென்று இணையதளம் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. என் மகள் யாமினியையும் கதைக்குள் விட்டேன்; அவள் சொல்லித்தான் தேவராஜாவுக்கு அது தெரியும். "அப்பிடியோ," என்றார்.

எண்ணைத் திட்ட எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் கரோல் நோபல் பார்க் என்ற பெயரையே கேட்டிருக்கமாட்டார்.

5

முதல் ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் மூவரும் நிற்கிறார்கள். கத்திக் கத்தி தேவராஜாவின் தொண்டை கட்டியிருக்கிறது.

"கோச் கரோலுக்கு எழுது பிள்ளை. 'நீங்கள் நல்லா இருப்பியள்' எண்டு எழுது."

மிருணாளினி ஆங்கிலத்தில் தட்டினாள், அழித்தாள். "அப்பா, இங்கிலீஷில அது டொக்டர் வருத்தக்காரருக்குச் சொல்ற மாதிரி இருக்கு."

"அப்ப, கடவுள் உங்களைக் கைவிடார் எண்டு போடு," என்றார் நாகபூசணி.

"அவ கடவுளை நம்புறவவோ தெரியாதே, அம்மா."

"தாங்க்யூ எண்டு மட்டும் போட்டால் காணாது," என்றார் தேவராஜா.

"ஓம், காணாதுதான்."

நானும் பல நாள் முயன்று பார்த்தேன். அவர் தமிழில் சொன்னதன் சூடு ஆறாமல் அந்தப் பக்கம் போய்ச் சேரும் ஆங்கில வாக்கியம் எனக்கு அகப்படவில்லை. வாசிக்கிற உங்களிடம் விசாவைக் கேட்கமாட்டேன். அது உங்கள் கையிலும் இல்லை. இந்த ஓர் ஆங்கில வரியை மட்டும் எழுதித் தாருங்கள். நாகபூசணி வேலைக்குப் போகவேண்டும், வெளியே குளிர் வேறு. மிருணாளினி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டாள்:

அன்புள்ள கோச் கரோல்,