நாலாம் படி

கிருபன் மாமா ஏணியில் நாலாம் படிக்கு மேல் ஏறியதேயில்லை. இது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாமா. மற்றவள், கீழே நின்று ஏணியைப் பிடித்த அவருடைய அக்கா மகள் நிரூபா.

கனடாவில், வோபர்னில் நிரூபாவின் அம்மா வாங்கிய வீடு எழுபது வருடப் பழசு. வீட்டைப் பரிசோதித்தவர் கொடுத்த அறிக்கையில் ஒரு வரி சிவப்பில் இருந்தது: சிம்னியின் உச்சியில் சாந்து உதிர்ந்து, கற்கள் உள்ளே விழுந்து, புகைபோகும் வழி அடைபட்டிருக்கிறது; திருத்தும்வரை நெருப்பு மூட்டக்கூடாது. பால் காய்ச்ச உண்மையான விறகடுப்புள்ள வீடு கிடைத்துவிட்டதென்று ஊரெல்லாம் போன் அடித்துச் சொல்லியிருந்த அம்மாவுக்கு முகம் கறுத்துப்போனது.

“உதுக்கேன் வெளியாள்? நான் இருக்கிறன் அக்கா,” என்றார் மாமா.

மாமா எதற்கும் இருப்பார். கூரை ஒழுக்கு, கார் பிரேக், பல்லுவலி, கனடாவின் பொருளாதாரம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு “நான் இருக்கிறன்” இருந்தது.

ஒக்டோபரில் மூன்று சனிக்கிழமை வந்தார். முதலாம் படியில் விசிலடித்தார். இரண்டாம் படியில் பாட்டு. நாலாம் படியில் அவருடைய கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது. அங்கிருந்து கைக்கெட்டிய உயரம்வரை சாந்தை அப்பினார். பழைய சாந்தைச் சுரண்டக்கூட இல்லை. கேக்குக்கு ஐசிங் பூசுவதுபோல மேலால் பூசிவிட்டு இறங்கினார். உச்சியும் முடிந்ததென்று அம்மாவுக்குப் போனில் ஒரு படம் காட்டினார். படத்தில் சிம்னிக்குப் பின்னால் கடல் தெரிந்தது. வோபர்னில் கடல்! அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “நல்ல வடிவாய்க் கிடக்கு,” என்றாள்.

நிரூபா வாயைத் திறக்கமுதல் மாமா அவளை வீட்டுக்குப் பின்னால், பின்வளவுக்குக் கூட்டிப்போனார்.

“மில்லிக்கன் பிளாசாவில மரியோ எண்ட பெடியனோட நிண்டது ஆர் பிள்ளை?”

“அவன் என்ர லாப் பார்ட்னர், மாமா.”

“லாப் பார்ட்னரின்ர கையை ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? நீ என்ர ஏணியைப் பற்றிக் கதையாதை. நான் உன்ர பெடியனைப் பற்றிக் கதைக்கமாட்டன்.”

அவள் பயந்துபோனாள். அம்மா போனைப் பறித்தால் அடுத்த வருடம்தான் திரும்பக் கிடைக்கும். அதனால் அம்மா கேட்டபோது, “ஓம், உச்சிவரை ஏறினவர்,” என்றாள். அந்தப் பொய்யை நினைக்க, மாமாவின் மேலிருந்த அருவருப்பில் கொஞ்சம் தன் மேலும் ஒட்டிக்கொண்டது.

பால் காய்ச்சும் ஞாயிற்றுக்கிழமை காலை, பனியில் ஒரு செங்கல் கிடந்தது. இரவுக் குளிரில் உச்சியிலிருந்து கழன்று விழுந்த பழைய கல். நிரூபா அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினாள்.

“அட, ரெண்டு கல்லுத்தான் இருந்தது. மூண்டாவதைக் கடவுளே போட்டிட்டார்!” அம்மா அதையும் கழுவிப் பொட்டு வைத்து அடுப்புக்கல் ஆக்கிவிட்டாள்.

நல்ல நேரம் பத்து பத்தோடு முடிந்துவிடும். புகை அலாரத்துக்கு மாமா பொலித்தீன் பை கட்டினார். “சனியன், மங்கல காரியத்துக்கை கத்திக்கொண்டு நிக்கும்.” அலாரம் கையெட்டும் உயரத்தில் இருந்தது, அதனால் அந்த வேலை மட்டும் ஒழுங்காக நடந்தது. குளிருக்கு யன்னலெல்லாம் பூட்டி, இருபது சனம் நெருக்கியடித்து இருந்தது. அடுப்புக்கு மிகக் கிட்ட, சூடு படட்டுமென்று, மாமாவின் மனைவி துர்க்கா மாமி மூன்று மாதக் குழந்தையோடு இருந்தாள்.

விறகு பற்றியது. புகை அரையடி மேலே போய், வழியில்லையென்று கண்டு, சனத்திடமே திரும்பி வந்தது.

“புதுச் சாந்து அக்கா, முதல் நாள் உப்பிடித்தான் இருக்கும்,” என்று இருமினார் மாமா.

“அம்மா, நெருப்பை அணையுங்கோ!” என்றாள் நிரூபா.

“வாயை மூடு. பால் பொங்கமுதல் நெருப்பை நூக்கிறதோ? வீட்டுக்கு ஆகாது.”

இருபது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பானையைப் பார்த்தார்கள். ஒருத்தராவது எழும்பவில்லை. ஒரு சடங்குக்காக உயிரையே விடவும் தயாரான சனம்! பாலில் அப்போதுதான் ஆடை படர்ந்திருந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென்று அழுகையை நிறுத்தித் தலையைத் தொங்கப்போட்டது. விறகுப் புகையோடு வரும் மணமில்லாத வாயு ஆளை நித்திரையாக்கியே முடித்துவிடுமென்று பள்ளிக்கூடத்தில் படித்தது நிரூபாவுக்கு ஞாபகம் வந்தது.

விறகைச் சரிப்படுத்துவதுபோல இரும்புக் கம்பியை எடுத்து, மூன்றாவது கல்லைத் தள்ளினாள். பானை சரிந்தது. நெருப்பு சீறி அணைந்தது. புகைக்குள்ளே வெள்ளையாக ஏதோ வழிவது மட்டும்தான் சனத்துக்குத் தெரிந்தது.

“பொங்கீட்டுது!” என்று கத்தினாள் அம்மா.

“கிழக்குப் பக்கமாய்ப் பொங்கினது!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நிரூபா குழந்தையைப் பறித்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்து வெளியே ஓடினாள். குளிர் பட்டதும் அது ஒரு தும்மல் தும்மி, வீரிட்டு அழுதது. அவளுக்கு உயிர் வந்தது. இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நெருப்பு அணைந்துவிட்டது, ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. மாமி பின்னால் ஓடிவந்து குழந்தையை வாங்கினாள்.

உள்ளே மாமாவின் குரல் கேட்டது. “கண்டியளே என்ர சிம்னியை! பின்னேரமும் மூட்டுவம் அக்கா. விடியவிடிய எரியட்டும். பிள்ளையோட நாங்களும் இஞ்சையே படுக்கிறம்.”

தன் பிள்ளையோடு! புளுகின புளுகை இந்த மனிசன் தானே நம்பத் தொடங்கிவிட்டாரே. நிரூபா உள்ளே போனாள்.

“மாமா உச்சிக்கு ஏறேல்லை. நாலாம் படியோட நிண்டவர். மேல அடைச்சபடிதான் கிடக்கு. நான் பொய் சொன்னனான் அம்மா. பாலும் பொங்கேல்லை, நான்தான் தட்டி ஊத்தினனான்.”

மாமா அவள் பக்கம் விரலை நீட்டினார்.

“அக்கா, மரியோ ஆரெண்டு உவளிட்டைக் கேளுங்கோ!”

“கேக்கட்டும், சொல்லுறன். முதல் நீங்கள் ஏறுங்கோ மாமா. ஏணி பின்வளவிலதான் கிடக்கு.”

எல்லோரும் பின்வளவுக்குப் போனார்கள். வீடு வாங்கியதிலிருந்து முதல் தடவையாக அம்மா அண்ணாந்து பார்த்தாள். கையெட்டிய உயரத்துக்கு மேலே கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெறும் இருட்டு. உச்சி, பல் விழுந்த வாய்போல இருந்தது.

துர்க்கா மாமி குழந்தையை மார்போடு அணைத்தபடி புருசனைப் பார்த்தாள். “ஏறுங்கோ.”

முதலாம் படியில் விசில் வரவில்லை. இரண்டாம் படியில் பாட்டும் இல்லை. நாலாம் படியில் கால் ஆடத் தொடங்கியது.

தம்பியின் காலிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா நிரூபாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“ஆர் மரியோ?”